கிளையைத் தொடங்கியவரின் பட்டம்

எங்கள் தமிழ் மாணவர் ஒன்றியத்தின் இத்தாலி பலெர்மோ கிளைக்கு வரலாறு எழுதித் தரும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆண்டு விழா வருகிறது, கோயில் பங்கு மண்டபமும் வாடகைக்கு எடுத்தாயிற்று, வரலாறு இல்லாமல் என்ன விழா என்று நானே குதித்தேன். பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டுப் படங்கள் கேட்டேன்.

கிளையைத் தொடங்கியவர் ஓர் அக்கா. அல்பெர்கேரியாப் பகுதியில் அவர்களுடைய ஒற்றை அறை வீட்டில்தான் முதல் கூட்டம். இடம் போதாமல் ஒருவர் சலவை மெஷின் மேல் இருந்தாராம். பல்கலைக்கழகத்துக்கு வரும் புதுப் பிள்ளையோடு மூத்தவர் ஒருவர் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்குப் போய், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்கான வரிசையில் கூடவே நிற்க வேண்டும் என்ற வழக்கம் அவர் போட்டது. எனக்கும் ஒருவர் அப்படி நின்றார்.

படங்களை அடுக்கும்போதுதான் கண்டேன். பட்டம் பெறுபவர்கள் இங்கே தலையில் சூடும் இலைக்கிரீடத்தோடு அக்கா சிரிக்கும் படம் அவர்கள் வீட்டுச் சுவரில் பெரிதாக இருக்கிறது. எனக்கு வந்த வேறொரு படத்தில் அதே படிக்கட்டு, அதே சிவப்பு நாடா. கிரீடம் மட்டும் அவருடைய தோழியின் தலையில்.

கேட்காமல் விட்டிருக்கலாம். பொலிதேயாமாப் பக்கம் அக்கா வேலைக்குப் போய்ப் பராமரிக்கும் வயதான இத்தாலியப் பெண்மணியின் வீட்டு வாசலிலேயே போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. அவருடைய அம்மா முதுகுவலியோடு படுத்த வருடம், அம்மா துப்புரவு வேலை செய்த வீடுகளை இவர் ஏற்றுக்கொண்டார். படிப்பு பாதியில் நின்றது. அம்மா ஊருக்கு, மன்னாருக்குப் போயிருந்த நேரத்தில் தோழியின் கிரீடத்தை வாங்கிச் சூடி, பட்டம் முடிந்துவிட்டது என்று படம் அனுப்பினார்.

“வரலாற்றிலை என்ரை பேரை விடு. பேரைப் போட்டா பட்டத்தையும் போடச் சொல்லுவினம். நத்தார்ப் பண்டிகைக்கு அம்மாட்டை நானே சொல்லப்போறன். அதுவரை ஒண்டும் கதையாதை.”

விட்டேன். வரலாற்றில் அவர் “ஒரு மாணவி” ஆனார்.

விழாவன்று அக்கா வேலையில். அவருடைய அம்மா முன் வரிசையில். நான் வாசித்து முடித்ததும் அவர் எழுந்தார்.

“பிள்ளை, தொடங்கினது தான்தான் எண்டு என்ரை மகள் சொன்னவள். அப்ப அது பொய்யோ?”

இல்லை அன்ரி, அவதான், நான் மறந்துபோனன் என்றேன். படிச்ச பிள்ளைக்கு இவ்வளவு மறதியோ என்று பின்னால் யாரோ பகிடி விட்டார்கள்.

“அப்ப மைக்கிலை வடிவாச் சொல்லு. தொடங்கினதையும் சொல்லு, பட்டம் எடுத்ததையும் சொல்லு.”

முதலாவதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும். இரண்டையும் சொன்னேன். மண்டபம் கை தட்டியது. அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தார்.

அடுத்த நாள் அந்த வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓடியது. மன்னாரிலிருந்தும் வாழ்த்து வந்தது. அக்கா போன் எடுத்தார், ஏசவில்லை.

“வீட்டுக்குள்ளை மட்டும் இருந்த பொய். இனி நான் எப்பிடியடி சொல்லுறது?”

நானும் வாறன், ரெண்டு பேருமாச் சொல்லுவம் என்றேன்.

“நீ இவ்வளவும் சொன்னது காணும்,” என்று வைத்துவிட்டார்.

எங்கள் குழுவில் இருந்த வீடியோவை அழித்தேன். சற்று நேரத்தில் போனில் ஒரு சத்தம். அன்ரி அதே வீடியோவைக் கைகூப்பும் படத்தோடு எனக்கே அனுப்பியிருந்தார்.