பின்கதவில் உட்கார்ந்த பிள்ளையார்

திண்டிவனத்தில் நானும் அண்ணியும் வேலை பார்த்த மல்லாட்டை மில்லுக்கு இரண்டே கதவுகள். முன்கதவை ஒட்டி நிலக்கடலைத் தோல் உடைக்கும் மெஷின். பின்கதவருகே, பருப்பு பொறுக்கும் பெண்கள் நாங்கள் உட்காருவோம். மடியில் பருப்பைக் கட்டிக்கொண்டு அந்த வழியாக நழுவுகிறோம் என்று முதலாளிக்குச் சந்தேகம். கதவைத் தாழிட்டு, அதன் முன்னால் முட்டி உயரத்துக்கு மேடை கட்டி, ஒரு பிள்ளையாரை உட்கார வைத்துவிட்டார். சாமியைத் தாண்டி எவள் போவாள்? கெட்டிக்கார மனுஷன். பூட்டுக்காவது சாவி உண்டு.

மில்லின் பாதுகாப்பைப் பார்க்க விழுப்புரத்திலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். இவராவது கேட்பார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், விபூதி பூசிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணிக்கு அப்போது ஏழாம் மாதம். பருப்பைப் பொறுக்கியபடியே அடிக்கடி அந்தக் கதவைப் பார்ப்பாள்.

“நெருப்பு கிருப்பு புடிச்சிக்கினா எந்தப் பக்கம் ஓடறது?”

“வாயக் கழுவுடி” என்பார்கள் மற்ற பெண்கள்.

சித்திரை வெயிலில் ஒரு மதியம் மெஷினிலிருந்து பொறி தெறித்துத் தோல் குவியல் பற்றிக்கொண்டது. முன்கதவு புகைக்குள் மறைந்துவிட்டது. எல்லோரும் இருமிக்கொண்டே பின்னால் ஓடிவந்து, பிள்ளையார் முன் அப்படியே நின்றுவிட்டோம். கும்பிட்டார்களே தவிர, ஒருத்தியும் தாழ்ப்பாளுக்குக் கை நீட்டவில்லை.

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடைமேல் ஏறினாள்.

“சாமி மேடையில கால வெக்கிறியேடி, புள்ளத்தாச்சி!” என்று ஒரு கிழவி அலறினாள்.

“புள்ளைக்காவதான் ஏர்றேன். நவுருங்க!”

தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் தள்ளினாள். நெருக்கியடித்து ஏறியதில் சிலை சாய்ந்து தும்பிக்கை உடைந்தது. எல்லோரும் உயிரோடு வெளியே வந்தோம்.

உயிர் பிழைத்த பெண்களே மறுநாள் முதலாளியிடம் போய், புதுப் பிள்ளையார் வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். இடுப்பு உயரத்துக்கு மேடை எழும்பியது. கதவைச் செங்கல் வைத்து அடைத்தே விட்டார்கள். அண்ணியோடு யாரும் சரியாகப் பேசவில்லை. பிறக்கப் போகிற பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று அவள் காதுபடவே முணுமுணுத்தார்கள்.

ஆண் பிள்ளை, நல்லபடியாகத்தான் பிறந்தான். வேறு வழியில்லாமல் அண்ணி அவனைத் தூக்கிக்கொண்டு மறுபடி அதே மில்லுக்கு வந்தாள். முன்கதவுப் பக்கம் தூளி கட்டிக்கொள்ளட்டுமா என்று மேஸ்திரியிடம் கேட்டாள்.

“அங்க மெஷினுக்கு எடைஞ்சலும்மா. பிள்ளையார் பக்கத்துல கட்டு. அவரு பாத்துக்குவாரு.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.  செங்கல் வைத்து அடைத்த இடத்தை அண்ணி ஒரு தரம் பார்த்தாள். கொண்டுவந்த தூளிப் புடவையால் பிள்ளையைத் தன் உடம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, முன்கதவைப் பார்த்தபடி பருப்பு பொறுக்க உட்கார்ந்தாள்.