மௌல்மீனிலிருந்து வந்ததாகச் சொன்ன ஆர்கன்

எங்கள் வீட்டில் சந்தேகம் பரம்பரைச் சொத்து. அம்மாவின் தம்பியான மாமா மீது அதை எல்லோரும் தாராளமாகச் செலவழித்தோம்.

எங்கள் பேட்டையான க்யிம்யிண்டைங்கில் எங்கள் சபைக்கு மாமா ஒரு பைப் ஆர்கனை லாரியில் கொண்டுவந்து இறக்கியபோது எனக்கு ஒன்பது வயது. மௌல்மீனில் மூடிப்போன தேவாலயத்தில் கிடந்தது என்றார். அதன் பெட்டியில் நடனமாடும் பெண் ஒருத்தியின் படம் இருந்தது. தேவாலயத்து ஆர்கனில் அவள் எதற்கு? மறுநாளே மாமா அவளுக்குக் கழுத்துவரை வெள்ளைப் பெயின்ட் பூசி, சிறகு வரைந்து, தேவதூதன் ஆக்கிவிட்டார். பிறகு விசைக் கட்டைகளில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளை உப்புத்தாளால் தேய்த்தார். ஏன் என்று கேட்டேன்.

"அழுக்கும்மா" என்றார்.

அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, சபை மூப்பர். சினிமா பார்த்தவனுக்கு அவரிடம் திருவிருந்து அப்பம் கிடையாது. டவுனில், ஊமைப்படங்களுக்கு ஆர்கன் வாசித்த பழைய தியேட்டர் ஒன்றை இடிக்கும் செய்தி அவர் காதுக்கும் வந்திருந்தது.

"தியேட்டர் சாமான்னு தெரிஞ்சுது, பழைய இரும்புக்குப் போட்டுருவேன்" என்றார்.

மழைக்காலம் முழுக்கக் குழல் குழலாக ஒட்டிச் சரிசெய்த மாமாவுக்கு அன்று மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்காகூட இறங்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் மாலை பெரியப்பா சோதிக்க வந்தார். நாங்களும் போயிருந்தோம். மாமா வாசித்த பாட்டு நன்றாகத்தான் போனது. நடுவில் மாமாவின் முழங்கை ஒரு கட்டையில் பட்டு, டக் டக் என்று ஆர்கனுக்குள் குதிரை ஓடியது.

மாமா திரும்பாமலே சொன்னார்: "கழுதை, அத்தான். நாளைக்கு ஆண்டவர் ஏறி வர்றாருல்ல."

பதற்றத்தில் இன்னொரு கட்டையும் அமுங்கி, குருவி கத்தியது. "நோவா விட்ட புறா" என்றார்.

பெரியப்பா எழுந்து ஆர்கன் அருகே போனார். நான் அம்மா கையைப் பிடித்துக்கொண்டேன். எழுத்தில்லாமல் மொட்டையாகக் கிடந்த கட்டைகளை அவர் சற்று நேரம் பார்த்தார்.

"மேல் வரிசைல கடைசிக் கட்டை. அமுக்கு."

மாமா அமுக்கினார். ரயில் நீளமாகக் கூவியது. அது அடங்கும்வரை பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"இதை மட்டும் ஆராதனைல தொடாத. மத்ததெல்லாம் இருக்கட்டும்."

வேதாகமத்தில் ரயில் எங்கே வருகிறது என்று மாமா சொல்வதைக் கேட்கக் காத்திருந்தேன். பெரியப்பா கேட்கவே இல்லை. வீட்டுக்கு நடக்கையில் மாமா தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். எழுத்தே இல்லாத கட்டையைப் பெரியப்பா எப்படிக் கண்டுபிடித்தார் என்று மாமாவிடம் கேட்டேன்.

"மூப்பருக்குத் தெரியாததும் உண்டா?" என்றார் மாமா.

மாமா சொன்னவற்றில் அந்த ஒன்றைத்தான் நான் அப்படியே நம்பினேன். ஆண்டவர் மூப்பர்களுக்கு மட்டும் அப்படியொரு ஞானம் தருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.