மைக் போடாதவன்

எங்கள் ஹாஸ்டலில் வைஃபை பெட்டி இரண்டாவது மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் மாட்டியிருக்கிறது. அதற்கு நேர் கீழே நான்காவது படியில் உட்கார்ந்தால்தான் சிக்னல் அறுபடாது. ஞாயிறு மதியம் சிக்கன் போட்டுவிட்டால் இரவுச் சமையல் கிடையாது. அண்டா குண்டான்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மூன்று மணிக்கு அந்தப் படியில் வந்து உட்காருவேன். ஈரத்துணி ஒன்று கையில் இருக்கும். என் போன் பழசு, ஆட ஆரம்பித்தால் தோசைக்கல்லாகக் காயும். ஓர் ஆட்டம் முடிந்ததும் அதன் முதுகில் துணியைச் சுற்றி, குழந்தைக்குக் காய்ச்சல் என்பதைப் போல வைத்துக்கொண்டிருப்பேன்.

ஹைதராபாத் அமீர்பேட்டில் இருக்கும் நூற்றுக்கணக்கான ஹாஸ்டல்களில் இதுவும் ஒன்று. பையன்கள் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்க வந்தவர்கள். படியேறும்போது என்னைத் தாண்டிப் போவார்கள். "மாஸ்டர், இந்த வயசுல கேமா?" என்று தெலுங்கில் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு முப்பத்தாறு. சமையல்காரனை மாஸ்டர் என்பது இங்கே வழக்கம். நான் மாஸ்டர்கூட இல்லை, மாஸ்டருக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பவன்.

எட்டாவது பாதியில் பள்ளியை விட்டேன். விருதுநகர் பக்கம் ஊர். தீப்பெட்டி ஆபீஸ், திருப்பூரில் பனியன் கம்பெனி, பெல்லாரியில் பரோட்டாக் கடை, கோவாவில் ஒரு மழைக்காலம், அதன் பிறகு இங்கே. இதற்கு முன் எங்கேயும் ஒன்றரை வருடத்துக்கு மேல் நின்றதில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருநாள் காலையில் எழுந்து பையை எடுத்துக்கொள்வேன். திருப்பூரில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோதும் அப்படித்தான் கிளம்பினேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

இந்த ஆட்டத்தில் நான்கு பேர் சேர்ந்து ஓர் அணி. ஒரு தீவில் பல அணிகளை இறக்கிவிடுவார்கள். ஒருவரை ஒருவர் சுட்டு, கடைசியில் எஞ்சுபவர்கள் ஜெயித்தவர்கள். நேரம் ஆக ஆக ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், அதற்கு வெளியே நின்றால் உயிர் போகும். சுடப்பட்டவன் உடனே சாவதில்லை. கீழே விழுந்து ஊர்ந்துகொண்டிருப்பான். கூட்டாளி பக்கத்தில் மண்டியிட்டுப் பத்து எண்ணும் நேரம் இருந்தால் அவனைத் தூக்கிவிடலாம். இல்லாவிட்டால் ரத்தம் வடிந்து முடிந்துபோவான்.

ஆரம்பத்தில் தனியாகத்தான் ஆடினேன். தனியாக வருபவர்களை ஆட்டமே யாருடனாவது சேர்த்துவிடும். ஒருநாள் கிணற்றடி போன்ற ஓர் இடத்தில் செத்தபோது வாய் தவறித் தமிழில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டேன். காதில் ஒருவன் சிரித்தான்.

"அண்ணா, நீங்க தமிழா? அரே, நாங்களும்தான்!"

அவனைத்தான் பிறகு கேப்டன் என்று கூப்பிட்டோம். இதே ஹைதராபாத்தில் மாரெட்பள்ளிக்காரன். மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவரின் மகன், வங்கித் தேர்வுக்குப் படிப்பவன். அவனோடு இருந்தவள் திருமுல்கேரிப் பெண், அவனோடு கல்லூரியில் படித்தவள். தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வீட்டில் தமிழ், தெருவில் உருது, எல்லாவற்றையும் கலந்து பேசுவாள்.

நான்காவது ஆளும் அன்றைக்கு ஆட்டம் சேர்த்துவிட்டவன்தான். அவன் மைக் போடவில்லை. கேப்டன் தெலுங்கில் கேட்டான், இந்தியில் கேட்டான், ஆங்கிலத்தில் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் ஆட்டத்துக்குள் அவனுடைய உருவம் ஒரு குதி குதித்தது.

"எல்லா பாஷைக்கும் குதிக்கிறான்டா இவன்."

"மைக் நக்கோவா, வேணாமா? விடு," என்றாள் அவள். "ஆமான்னா குதி. இல்லைன்னா உட்கார்ந்து எழு. சரியா?"

ஒரு குதி.

அன்றிலிருந்து அதுதான் அவன் பேச்சு. ஆறேழு மாதம் தினமும் நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை, ஹாஸ்டலில் டீ போடுவதற்கு முன் எனக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரம், நாங்கள் நால்வரும் சேர்ந்து ஆடினோம். ஆட்டம் தொடங்குமுன் அவள் கேட்பாள், "மாஸ்டர், இன்னிக்கு என்ன சமையல்?" நான் சாம்பார், வெண்டைக்காய் என்று சொல்வேன். "திரும்பவும் வெண்டைக்காயா? அந்தப் பசங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்பாள். மைக் போடாதவன் குதிப்பான். அது வகுப்பில் ஆஜர் சொல்வது மாதிரி.

தீவின் வரைபடத்தில் ஊர்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் எனக்குச் சண்டை முடிந்துவிடும். இதைக் கேப்டன் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டான். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பெயர்களை மாற்றிவிட்டான். வீடுகள் நெருக்கியடித்து, இறங்கினவுடன் அடிதடி நடக்கும் இடம் அமீர்பேட். ராணுவக் கூடாரங்கள் இருக்கும் இடம், அவள் வீட்டுப் பக்கம் ராணுவ முகாம் என்பதால், திருமுல்கேரி. மரங்களும் ஓட்டு வீடுகளுமாக அமைதியாக இருந்த மூலை அவனுடைய மாரெட்பள்ளி. "அண்ணா, இன்னிக்கு மாரெட்பள்ளி போய் அப்பாகிட்ட திட்டு வாங்கலாம்," என்பான். நிஜ மாரெட்பள்ளிக்கு நான் போனதே இல்லை.

மைக் போடாதவனுக்கு என் கணக்கு தெரியும். எனக்கு மருந்து தீர்ந்திருக்கும் என்று நான் சொல்லுமுன்பே என் காலடியில் ஒரு பெட்டியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவான். நான் விழுந்தால் எங்கிருந்தாலும் வருவான். ஒருமுறை வெட்டவெளியில், இரண்டு பக்கமும் குண்டு வரும்போது வந்து மண்டியிட்டான். "பைத்தியக்காரன்," என்று கேப்டன் கத்தினான். ஆனால் விழுந்தவரை விட்டுவிட்டுப் போவதில்லை என்று விதி போட்டவனும் அவன்தான்.

பிறகு அந்தப் போட்டி வந்தது. ஹைதராபாத்தில் யாரோ சில பேர் சேர்ந்து ஆன்லைனில் நடத்திய சின்னப் போட்டி. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், முதல் மூன்று இடத்துக்கு வரும் அணிகளுக்கு இன்னும் இரண்டு மாதம் அடுத்த சுற்று. பதிவு செய்த அதே நான்கு பேர்தான் கடைசிவரை ஆட வேண்டும், ஆள் மாற்ற முடியாது என்று எழுதியிருந்ததைக் கேப்டன் எங்களுக்குப் படித்துக் காட்டினான்.

கடைசி ஞாயிற்றுக்கு முந்தைய நாள் அவன் வேறொன்றும் சொன்னான்.

"அப்பா சொல்லிட்டாரு அண்ணா. எக்ஸாம் ரெண்டு தடவை போனது இந்த கேமாலதானாம். டாப் த்ரீ வந்தா ரெண்டு மாசம் விடுங்கன்னு கேட்டேன், ஹவ், சரின்னாரு. வரலைன்னா நாளைக்கே டிலீட்."

"நீ போனா எனக்கு மட்டும் கைக்கு, எதுக்கு இது? நானும் போறேன்," என்றாள் அவள்.

மைக் போடாதவன் குதிக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. அன்றிரவு பாத்திரம் கழுவும்போது எண்ணிப் பார்த்தேன். ஹாஸ்டலில் என்னிடம் ஒரு நாளில் சொல்லப்படும் வார்த்தைகள் இவ்வளவுதான்: சாதம், சாம்பார், சீக்கிரம், தீர்ந்துவிட்டது. என்ன சமையல் என்று அக்கறையாகக் கேட்பவள் திருமுல்கேரியில் இருந்தாள். எனக்கு அந்த இரண்டு மாதம் வேண்டும். அதற்கு முன் நான் எதையும் அப்படி வேண்டும் என்று நினைத்த ஞாபகமில்லை.

கடைசி ஆட்டத்துக்குப் போகும்போது மொத்தப் புள்ளியில் நாங்கள் நான்காவது இடத்தில் இருந்தோம். மூன்றாவதாக இருந்த அணி அந்த ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அழிந்துவிட்டது. "இருந்தா போதும் அண்ணா, சுடவே வேண்டாம். கடைசி நாலு டீம்ல நம்ம ஒரு உயிர் இருந்தா போதும்," என்றான் கேப்டன். சொல்லிக் கொஞ்ச நேரத்தில் ஒரு ஜீப்பிலிருந்து சுட்டதில் அவனும் அவளும் அடுத்தடுத்துப் போனார்கள். செத்தவர்கள் எங்கள் திரை வழியாகப் பார்த்துக்கொண்டு பேசலாம். அவர்கள் பேசினார்கள். எதிராளியின் காலடிச் சத்தம் கேட்க வேண்டும், அமைதியாக இருங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

ஒரு குளியலறைக்குள் போய்க் கதவோரம் படுத்துக்கொண்டேன். ஓர் இடத்தில் இருப்பது தெரியாமல் இருக்க எனக்கு வரும். ரயிலில் டிக்கெட் இல்லாமல் போனவனுக்கு அது வந்துதான் ஆக வேண்டும். எங்களோடு சேர்த்து ஆறு அணிகள் மிச்சம் இருந்தன. இரண்டு போக வேண்டும்.

அப்போது மைக் போடாதவன் விழுந்தான். என் ஜன்னலிலிருந்து இருபதடி தூரத்தில், ஒரு வைக்கோல் போருக்குப் பின்னால். வரைபடத்தில் அவனுடைய சின்னம் சிவப்பாக மாறியது. என்னை நோக்கி ஊர்ந்து வந்தான். இருபதடி. பத்து எண்ணும் நேரம்.

"மாஸ்டர், தூக்குங்க, பக்கத்துலதான் இருக்கான்," என்றாள் அவள்.

விதி போட்ட கேப்டன் பேசாமல் இருந்தான். அவன் மூச்சு விடுவது கேட்டது.

வெளியே போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவனைச் சுட்டவர்கள் அங்கேயே காத்திருப்பார்கள். தூக்க வருபவனுக்காகத்தான் விழுந்தவனை முடிக்காமல் விட்டுவைப்பார்கள். நான் போனால் இரண்டு பேரும் போவோம், இந்த ஆட்டத்தில் ஆறாவது இடம். இருந்தால் இரண்டு மாதம். நான் நகரவில்லை.

அப்போது காதில் ஒரு புதுக் குரல் கேட்டது.

"அண்ணே. நான் இங்கனதான் கெடக்கேன். தூக்கி விடுங்கண்ணே."

எங்கள் ஊர்ப்பக்கத்துத் தமிழ். சாத்தூராக இருக்கலாம், கோவில்பட்டியாக இருக்கலாம். அண்ணே என்று என்னைக் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. அவன் தமிழ் புரிகிற தெலுங்குக்காரன் என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் குரலுக்குப் பின்னால் வேறொரு சத்தமும் வந்தது. எவர்சில்வர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம். ஐம்பது அறுபது தட்டுகள். யாரோ அவனைத் தெலுங்கில் அதட்டினார்கள். அது வீட்டில் கேட்கும் சத்தம் இல்லை. நான் தினமும் போடுகிற சத்தம்.

என் விரல் திரைமேல் இருந்தது. கதவைத் திறக்கும் பொத்தான் அதற்குக் கீழே இருந்தது.

"அண்ணே," என்றான் இன்னொரு முறை. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அவன் இருந்த இடத்தில் ஒரு பெட்டி கிடந்தது. செத்தவனிடம் இருந்த மருந்து, தோட்டா எல்லாம் அப்படிப் பெட்டியாகிவிடும்.

அதற்குப் பிறகு மற்றவர்கள் தங்களுக்குள் சுட்டுக்கொண்டார்கள். இரண்டு அணிகள் ஒன்றையொன்று முடித்துக்கொண்டன. நான் குளியலறையில் படுத்திருந்தேன். வட்டம் வந்து என்னைக் கொன்றபோது எங்களையும் சேர்த்து நாலு அணிகள்தான் மிச்சம்.

"மூணாவது! அண்ணா, நாம மூணாவது!" கேப்டன் கத்தினான். அவன் வீட்டில் அப்பாவைக் கூப்பிடும் சத்தமும் கேட்டது.

"வாழ்த்துக்கள் மாஸ்டர்," என்றாள் அவள். குரலில் ஒன்றும் இல்லை. உடனே போய்விட்டாள். மைக் போடாதவன் அதற்கு முன்பே போயிருந்தான்.

போனை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு ஐந்து மணிவரை அந்தப் படியிலேயே இருந்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன்.

திங்கள்கிழமை நாலு மணிக்கு மூன்று பேர்தான் வந்தோம். என்ன சமையல் என்று யாரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அணியின் பட்டியலில் நான்காவது பெயர் இல்லை. அவனாகவே நீக்கிக்கொண்டிருந்தான். கேப்டன் போட்டி நடத்தியவர்களுக்கு எழுதினான். அதே நான்கு பேர், அல்லது வெளியே, என்று பதில் வந்தது.

"அவன்கிட்ட நீங்க பேசுங்க அண்ணா. உங்க ஊர்க்காரன்தானே?" என்றான் கேப்டன்.

செய்தி அனுப்பினேன். தமிழில் தட்டுவதற்கு அரை மணி நேரம் ஆனது. தம்பி, எந்த ஹாஸ்டல், நான் நேரில் வருகிறேன், என்று எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு அழித்துவிட்டேன். அது பரிச்சயமில்லாதவர்களிடம் சொல்வது போலிருந்தது. பதில் வரவில்லை. ஆட்டத்தில் அவன் பெயர் சாம்பல் நிறமாகவே இருந்தது.

அந்த வாரமே அணி கலைந்தது. கேப்டன் கடைசியாகப் பேசியபோது, "அமீர்பேட்லதான் அண்ணா கோச்சிங் சேர்றேன், உங்க பக்கம்தான். வந்து பார்க்கிறேன்," என்றான். நல்ல பையன், சொல்லும்போது வருவதாகத்தான் நினைத்திருப்பான். எங்கள் தெரு முனையிலேயே அப்படி நான்கு கோச்சிங் சென்டர்கள் இருக்கின்றன. சாயங்காலம் கறிவேப்பிலை வாங்கப் போகும்போது அவர்கள் கூட்டமாக வெளியே வருவார்கள். அவன் முகம் எனக்குத் தெரியாது. என் முகமும் அவனுக்குத் தெரியாது. யாராவது சத்தமாகச் சிரித்தால் திரும்பிப் பார்ப்பேன்.

மற்றவனை வேறு விதமாகத் தேடினேன். மதியம் இரண்டரை மணிக்கு இந்தத் தெருக்களில் நடந்தால் ஒவ்வொரு ஹாஸ்டலின் பின்பக்கத்திலிருந்தும் தட்டு அடுக்கும் சத்தம் வரும். சில இடங்களில் நின்று, தமிழ் ஆள் யாராவது வேலை செய்கிறார்களா என்று கேட்டேன். ஓரிடத்தில் இருந்தான், சேலத்துக்காரன். அவனிடம் போனே இல்லை. மைக் போடாதவன் ஹைதராபாத்தில்தான் இருந்தானா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

இங்கே வந்து இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. சொந்த ஊரை விட்ட பிறகு நான் ஒரே இடத்தில் இவ்வளவு நாள் இருந்ததில்லை. இரண்டு முறை பையை எடுத்து வைத்தேன், திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன். நாலு மணிக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து ஆட்டத்தைத் திறப்பேன். ஆட்டம் யாராவது மூன்று பேரோடு சேர்த்துவிடும். அதில் மைக் போடாதவன் எவனாவது இருந்தால் அவன் பக்கத்தில் போய் நின்று ஒருமுறை குதிப்பேன். பெரும்பாலும் அவர்கள் சும்மா நின்றுவிட்டு ஓடிவிடுகிறார்கள்.