எழுதக் கூடாத நாளுக்குப் பேனாக்கள்

துறைமுக அலுவலகத்தில் என்னோடு ஓய்வு பெற்றவர்கள் காலை நடைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் பழகிக்கொண்டார்கள். நான் பேனா கடையத் தொடங்கினேன். ஹவுரா பட்டறை ஒன்றில் சின்ன லேத் வாங்கி, பெஹாலா வீட்டு பால்கனியில் பொருத்தினேன். மரத்துண்டைச் சுழலவிட்டு, உளியால் சீவி உருட்டி, உள்ளே ரீஃபிலைச் செருகினால் பேனா. யூடியூபில் பார்த்தபோது அவ்வளவுதான் இருந்தது.

"யாருக்கு எழுதப் போறீங்க?" என்றாள் மனைவி.

"எழுதறது வேற, பேனா பண்றது வேற."

முதலில் செய்தவை பிளந்தன. அடுத்தவை கத்தரிக்காய் போல வந்தன. ஒருநாள் மாலை லேத்தின் கிர்ரென்ற சத்தம் தாங்காமல் கீழ்வீட்டு வங்காளி மேலே ஏறி வந்தார். எங்கள் கட்டடத்தின் பூஜைக் கமிட்டிச் செயலாளர் அவர்தான்.

"தாதா, பல் டாக்டர் யாரையாவது குடி வச்சிருக்கீங்களா?" என்று வங்காளத்தில் கேட்டார். தாதா என்றால் அங்கே அண்ணன்.

சமாதானமாக ஒரு பேனாவை நீட்டினேன். உருட்டிப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது. "சரஸ்வதி பூஜை வருதே, நம்ம பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு பண்ணிக் கொடுங்களேன்!"

பணியில் இருந்த காலத்தில் என்னிடம் யாரும் எதையும் இவ்வளவு ஆசையோடு கேட்டதில்லை. சாப்பாட்டை மறந்து கடைந்தேன். சாம்பாரில் மரத்தூள் விழுந்ததைக்கூட மனைவி பெரிதுபடுத்தவில்லை.

பூஜையன்று தேவியின் காலடியில், செவ்வந்திப் பூக்களுக்கு நடுவே என் பேனாக்கள் பளபளத்தன. பக்கத்தில் நின்ற சிறுமியிடம், "ஒண்ணை எடுத்து எழுதிப் பாரேன்" என்றேன்.

என்னைச் சித்தப்பா முறை வைத்துக் கூப்பிடும் அவள் அம்மா பதறிவிட்டாள். "ஐயோ காக்கு! இன்னிக்குப் பேனாவைத் தொட்டா படிப்பே வராது!"

நம் ஊரிலும் அதே வழக்கம்தான். கடைந்த மயக்கத்தில் அது மறந்துபோயிருந்தது.

மறுநாள் செயலாளரைப் படியில் மடக்கினேன். "பிள்ளைங்க எழுதிப் பார்த்தாங்களா? எப்படி இருக்காம்?"

"எழுதறதா?" அவருக்கு என் மேல் வருத்தமே வந்துவிட்டது. "அம்மா காலடியில வச்ச பேனா தாதா. அதுல கணக்குப் போடலாமா? எல்லா வீட்லயும் ஷோகேஸ்ல பத்திரமா இருக்கு. அடுத்த வருஷம் பக்கத்துக் கட்டடத்துக்கும் வேணுமாம்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நல்லதாப் போச்சு. எழுதினாத்தானே எழுதலைன்னு தெரியும்."