ஒன்பதாம் தேதி வந்த வெள்ளைப் பறவை

அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியின் வடகரைச் சாலையில் பத்தொன்பது குளிர்காலம் பனி வாரும் லாரி ஓட்டியவள் வெர்னா கொட்டிலா. ஊர் எழுந்திருக்கும் முன்பே அவள் லாரி கரையோரம் போய்விடும். உயரமான இருக்கை, ஆளில்லாத சாலை, ஒரு பக்கம் முழுக்க ஏரி. பறவைகளை அவள் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை, பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

அந்த ஜனவரி ஒன்பதாம் தேதி விடிந்த கையோடு, ஆர்வில் என்பவரின் புகைபோட்ட மீன் கடைக்குப் பின்னால், பனிக்கட்டி மேல் கிடந்த மீன்தலைகளுக்கு நடுவே ஒரு கடற்காகம் நின்றது. இறகில் ஒரு சாம்பல் பொட்டுகூட இல்லாத முழு வெள்ளை. கால்கள் கன்னங்கரேல். புறா மாதிரி தத்தித் தத்தி நடந்தது. துருவத்துப் பனியை விட்டு இறங்கவே இறங்காத ஜாதி அது. வெர்னா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பன்னிரண்டு நிமிடம் பார்த்தாள். பிறகு வட்டாரப் பறவைச் சங்கத்தில் பதிவேடு பார்க்கும் ஜெரால்டு ஹாகனுக்கு போன் செய்தாள்.

மருந்துக்கடை நடத்தி ஓய்வுபெற்ற ஹாகன் பெரிய தொலைநோக்கியோடு வந்து சேர்ந்தபோது பனிக்கட்டியில் மீன்தலைகள் மட்டும் இருந்தன.

"வெர்னா, அது ஐஸ்லாந்துக் கடற்காகத்தோட குஞ்சா இருக்கும். தூரத்துல அதுவும் வெள்ளையாத்தான் தெரியும்" என்றார்.

"அதுக்குக் காலு ரோஸ் கலர். இதுக்குக் கறுப்பு. தூரமா? எனக்கும் அதுக்கும் நடுவுல இந்தக் கடை அகலம்தான்."

"லாரிக் கண்ணாடியில அழுக்கு இருந்திருக்கலாமில்ல?"

"இறக்கிட்டுத்தான் பாத்தேன். காது வெறச்சுப் போச்சு. கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

கடை வாசலில் நின்ற ஆர்வில் சிரிப்பை அடக்க இருமினார்.

பார்த்ததை எழுதி அவள் அனுப்பிய கடிதத்தைச் சங்கத்தின் குழு தள்ளிவிட்டது. ஒரே சாட்சி, படம் இல்லை என்பது காரணம். பன்னிரண்டு நாள் கழித்து, சிகாகோவிலிருந்து வந்த ஒரு டாக்டர் அறுபது மைல் வடக்கே அதே ஜாதிப் பறவையைப் படம் பிடித்தார். அந்தக் கரையில் முதன்முதலில் கண்டவர் என்று அவர் பெயரே சங்கத்தின் இதழில் வந்தது. ஹாகன் வெர்னாவை போனில் கூப்பிட்டார். பழைய கடிதத்தை அவளாகவே வாபஸ் வாங்கிக்கொண்டால், கீழே சின்ன எழுத்தில் 'முன்பே பார்க்கப்பட்டிருக்கலாம்' என்று போடுவதாகச் சொன்னார்.

"மார்ச் கூட்டத்துல வந்து பதில் சொல்றேன்" என்று போனை வைத்தாள்.

சர்ச்சுக்கு அடியிலுள்ள கூடத்தில் கூட்டம் நடந்தது. வெர்னா வேலை முடிந்த ஆரஞ்சுச் சட்டையோடு நேரே வந்தாள். பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டியது. நாற்பது பேர் முன்னால் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் உட்காரவில்லை.

"'இருக்கலாம்'னு போடாதீங்க. பாத்தாள்னு போடுங்க, இல்ல பொய் சொன்னாள்னு என் பேர் போட்டே அச்சடிங்க. நடுவுல பதுங்கிக்க எனக்கு எடம் வேணாம்."

"பொய்னு யாரும்மா சொன்னா? ரெண்டும் ஒரே பறவைதானான்னு எப்படித் தெரியும்?" என்றார் ஹாகன்.

"எனக்கும் தெரியாது. ஒண்ணுதான்னு நான் எங்க சொன்னேன்? டாக்டர் பாத்தது டாக்டரோடது. ஒன்பதாம் தேதி நான் பாத்தேன். அவ்வளவுதான் சொல்றேன், அதுல ஒரு எழுத்தும் கொறைக்க மாட்டேன்."

குழுவினர் மறுபடி வாக்கெடுத்தார்கள். மூன்று பேர் அவள் பக்கம், நான்கு பேர் எதிர்ப்பக்கம். வெர்னா சங்க உறுப்பினர் பேட்ஜைக் கழற்றிக் காபி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். லாரியில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது. அழுதுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினாள்.

அடுத்த நவம்பரில் ஆர்வில் கடைச் சுவரில் ஒரு பலகையை அடித்தாள். நாள், நேரம், இடம், பறவை, பார்த்தவர் பெயர். முதல் வரியில் தன் வெள்ளைக் கடற்காகத்தை எழுதினாள். மீன் வாங்க வந்த தபால்காரி ஒன்று எழுதினாள். மரலாரி ஓட்டுபவர்கள் எழுதினார்கள். சங்கத்தில் சொல்லக் கூச்சப்பட்டு எத்தனை பேர் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

டிசம்பரில் ஹாகன் வந்தார். பலகையைக் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டே போய் முதல் வரியில் நின்றார்.

"இத இன்னும் எடுக்கலையா?"

"எடுக்கறதா இல்ல" என்றாள், மீன் வாங்க வந்திருந்த வெர்னா.

"மீன் வேணுமா, சண்ட வேணுமா?" என்று ஆர்வில் கல்லாவிலிருந்து கேட்டார். "ரெண்டும் ஃப்ரெஷ்."

ஹாகன் சிரிக்கவில்லை. முந்தின நாள் வெர்னா எழுதியிருந்த, முகத்தில் வெள்ளைத் திட்டுள்ள நீலக் கடல்வாத்தைக் காட்டி, "இது எங்க இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். "பாலத்துக்கு வடக்க, ரெண்டாவது பாற. காத்து பலமா இருக்கு, தொப்பிய இறக்கிக்கங்க" என்றாள்.

ஒரு மணி நேரத்தில் மூக்கு சிவக்கத் திரும்பி வந்தவர், பேனாவை வாங்கி அவள் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

சங்கத்தின் பதிவேட்டில் அந்த ஒன்பதாம் தேதி கடைசிவரை ஏறவில்லை. பலகையில் மீன்புகை பட்டு அந்த வரி மங்கும்போதெல்லாம், வெர்னா கறுப்பு மையால் அதன்மேல் அழுத்தி எழுதினாள்.