நான் அழித்த பத்தி

அபுதாபி பக்கம் ருவைஸில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் நான் குமாஸ்தா. ஒவ்வொரு வருடமும் தலைமை அலுவலகத்திலிருந்து ஊழியர் சலுகைக் கையேடு வரும். மருத்துவக் காப்பீடு, டிக்கெட், குடும்ப விசா எல்லாம் அதில் இருக்கும். இந்த நாட்டுச் சட்டம் ஒப்பாததை நீக்கி அச்சுக்கு அனுப்புவது என் பொறுப்பு. நீக்க வேண்டியது ஒரே பத்திதான். ஆணுக்கு ஆணோ பெண்ணுக்குப் பெண்ணோ துணையாக இருந்தாலும், கணவன் மனைவிக்குள்ள சலுகை அத்தனையும் உண்டு என்று அது சொல்லும். ஒரு பொத்தானைத் தட்டினால் போய்விடும். ஆறு வருடம் தட்டினேன்.

அப்படி ஒரு துணை எனக்கு இருந்தான். அதே பிளான்ட்டில் சாரம் கட்டும் கான்ட்ராக்ட் ஆள், திருச்செந்தூர் பக்கத்துக்காரன். தொழிலாளர் கேம்பில் எல்லோருக்கும் நாங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. உண்மை தெரிந்தால் வேலை போவதோடு நிற்காது, ஜெயில்தான்.

ஒரு விடுமுறை மத்தியானம் என் ரூமில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பத்தியை அவனுக்குத் தமிழில் சொன்னேன். கரண்டியும் கையுமாக நின்று கேட்டான்.

"எங்கயோ ஒரு ஊர்ல நம்மள எழுத்துல வச்சிருக்கான் பாத்தியால."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. எழுத்தை வைத்து நாக்கு வழிக்கவா என்றேன்.

அடுத்த வருடம் அவனுக்குச் சிறுநீரகம் கெட்டது. அவனுடைய காப்பீட்டு அட்டை சின்ன கிளினிக்கைத் தாண்டாது. என் அட்டை பெரிய மருத்துவமனை வரைக்கும் போகும், எனக்கு மனைவி இருந்தால் அவளுக்கும் சேர்த்து. அந்த முறை கையேடு வந்தபோது பத்தியை நான் அழிக்கவில்லை. தைரியம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அச்சாகிப் பிரதிகள் கைக்குக் கை போன மூன்றாம் நாள் மேலாளர் கூப்பிட்டார். "பாய், இதெல்லாம் இங்க மாஃபி, கெடயாது. எல்லா காப்பியும் இன்னைக்கே திரும்ப வரணும்."

கவனக்குறைவு என்று மன்னிப்புக் கேட்டேன். கறுப்பு மார்க்கரால் ஒவ்வொரு பிரதியிலும் அந்தப் பத்தியை நானே அடித்தேன். ஒன்றை மட்டும் அடிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவனை அன்ஃபிட் என்று எழுதி விசாவை ரத்து செய்தார்கள். நோயாளியை ஊர்வரை கொண்டுபோய்விட லீவு வேண்டுமென்றால், நோயாளி மனைவியாகவோ பெற்றவராகவோ கூடப்பிறந்தவராகவோ இருக்க வேண்டும். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவனே நான்தான். கேம்ப் வாசலில் அவன் வண்டி ஏறும் முன், அடிக்காத பிரதியை, பத்தி இருந்த பக்கத்தை மடக்கி, அவன் பெட்டியில் வைத்தேன். பார்த்துவிட்டு, மேலே ஒரு கைலியைப் போட்டு மூடினான். சுற்றிலும் ஆட்கள் நின்றதால் கைகுலுக்கிக்கொண்டோம்.

நாலு மாதத்தில் போய்விட்டான். அவன் தம்பி போனில் சொன்னபோது நான் டியூட்டியில் இருந்தேன். அழக்கூட இடமில்லாமல் ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தம்பி வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினான். என் கையேட்டின் பக்கம். அந்தப் பத்திக்கு அடியில் பேனாவால் கோடு.

"அண்ணே, எங்கண்ணன் பெட்டில இந்த இங்கிலீஸ் புக் கெடந்துச்சு. இந்த எடத்துல மட்டும் கோடு போட்ருக்கான். கம்பெனில எதும் வருமான்னு பாத்து சொல்லுங்க."

கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒருமுறை அல்ல, பலமுறை இழுத்திருந்தான்.

"அது பழைய புக் தம்பி," என்று எழுதினேன். "அதுல யாருக்கும் ஒண்ணும் இல்ல."