முப்பத்தோராவது வரியில் ஒரு ரசீது

1935 ஜூன் 12, புதன்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஏழு மணிக்குக் காரைக்குடியில் முதலாளி வீட்டு முகப்பில் என் மேசைக்கு வந்தேன். பேனாக்களுக்கு மை ஊற்றினேன். முந்திய நாள் தபாலை ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று ஊர் வாரியாகப் பிரித்தேன். எங்கள் கடைகளுக்குக் கடல் கடந்து போய்வரும் ஆட்களின் பயணக் காகிதங்களைப் பார்ப்பது என் வேலை. அதற்குள் பதினோரு வருடம் ஆகியிருந்தது. நான் அனுப்பிய ஆள் ஒருவரும் துறைமுகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டதில்லை.

எட்டரைக்கு மானகிரி முத்துக்கருப்பன் தன் மனைவி வள்ளியம்மையோடு வந்தான். சைகோன் கடையில் அவன் அடுத்தாள். கடையை நடத்தும் ஏஜெண்டுக்கு அடுத்த உத்தியோகம். எட்டு வருடம் அங்கே இருந்தவன். தகப்பனாருக்கு முடியவில்லை என்ற தந்தி கண்டு வந்தான். காரியமெல்லாம் முடிந்துவிட்டது. சனிக்கிழமை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறவேண்டும்.

சைகோன் பிரெஞ்சுக்காரர் ஆளும் ஊர். அங்கே குடியிருக்க அட்டை வேண்டும். முத்துக்கருப்பனின் அட்டைக்குத் தவணை முடிந்திருந்தது. புதிய அட்டைக்கு மனுக் கொடுத்துவிட்டு, பதில் வருமுன்பே ஊருக்குக் கிளம்பியிருந்தான். மனுவுக்கு ஒரு ரசீது தருவார்கள். ஜூலை ஐந்துக்குள் திரும்பலாம் என்று அவன் ரசீதில் முத்திரை வைத்திருந்தார்கள். அதைக் காட்டினால் இறங்கலாம். காட்டாவிட்டாலோ, நாள் தவறினாலோ மனு தள்ளுபடி. பிறகு புது ஆளாகக் கேட்கவேண்டும். புது ஆட்களுக்கு அனுமதி கிடைப்பது அப்போது அரிது.

"பாஸ்போர்ட், டிக்கெட், ரசீது. மூணையும் மேசையில வை" என்றேன்.

இரண்டு வந்தன.

"ரசீது கடையில இருக்குண்ணே."

"எந்தக் கடையில?"

"சைகோன்லதான். ஒப்படைச்சுட்டு வந்துட்டேன். காகிதம் எதுவும் கையோட கொண்டு வரப்படாதுன்னு நீங்கதானே போட்டிருக்கீக."

"அப்ப பாஸ்போர்ட்டை மட்டும் ஏன் கொண்டாந்த?"

"அதைக் கப்பல்காரன் கேட்டான்ண்ணே."

"வேட்டியையும் ஒப்படைக்கச் சொல்லியிருந்தா அவுத்துக் குடுத்துட்டுத்தான் வந்திருப்பாக" என்றாள் வள்ளியம்மை. அவள் சிரிக்கவில்லை. "அண்ணே, கொழுந்தன் ரெண்டு பேரு படிக்கிறாக. இங்குட்டு இருக்கிறது வானம் பார்த்த பூமி. இவுக போக முடியுமா முடியாதா, அதைச் சொல்லுங்க."

"முடியும்" என்றேன்.

முத்துக்கருப்பன் சொன்னது சரிதான். கடையை விட்டுக் கிளம்பும் ஆள், தன் பொறுப்பில் உள்ள சாவி, பேரேடு, பத்திரம் முதல் குடை வரை பட்டியல் போட்டு ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவது எங்கள் கடைகளின் வழக்கம். அந்தப் பட்டியல் தாளின் தலையில், காகிதம் எதையும் கொண்டுபோகக் கூடாது என்று அச்சிட வைத்தவன் நான்.

பேச்சுச் சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார்.

"கணக்குப்பிள்ளை, ஏன் அவசரப்படுறீக? ரசீது தபால்ல வரட்டும். அடுத்த கப்பல்ல போறான்."

"அடுத்த கப்பல் இருபத்தொன்பதாம் தேதி முதலாளி. அதுல போனா சிங்கப்பூர் சேரவே ஜூலை எட்டு ஆயிரும்."

"இப்பவே அனுப்பி, நடுவழியில நின்னா?"

"நிக்க மாட்டான். இவன் சிங்கப்பூர்லதானே கப்பல் மாறணும்? ரசீது சைகோன்லேருந்து அங்க வரட்டும். நம்ம கிட்டங்கியில வாங்கிக்கிருவான்."

கிட்டங்கி என்பது சிங்கப்பூரில் எங்கள் ஆட்கள் தங்கித் தொழில் பார்க்கும் கட்டடம்.

"சைகோன்ல இப்ப ஏஜெண்டு புது ஆளு. வேற எதையாச்சும் எடுத்து அனுப்பிச்சுட்டாருன்னா?"

அந்தப் பயம் நியாயமானது. ஒப்படைப்புப் பட்டியலின் நகல் ஒன்று எங்களுக்கு வரும். அலமாரியைத் திறந்து அதை எடுத்தேன். முப்பதாவது வரியில் குடை. முப்பத்தோராவது வரியில் மனு ரசீது, அதன் நம்பர், இரும்புப் பெட்டியின் மேல்தட்டு.

முதலாளி எட்டிப் பார்த்தார். "ரசீதைக் குடைக்குக் கீழயாய்யா எழுதுன?"

"மழையில நனையாதுல்ல முதலாளி" என்றான் முத்துக்கருப்பன். அப்போதுதான் வள்ளியம்மை சிரித்தாள்.

பத்து மணிக்கு அவசரத் தந்தி கொடுத்தேன். வரி எண், ரசீது நம்பர், இருக்கும் தட்டு, சேரவேண்டிய இடம், நாள் ஆகிய ஐந்தும் அதில் இருந்தன. மாலை ஆறுக்குப் பதில் வந்தது: ரசீது கிடைத்தது, வெள்ளிக்கிழமைக் கப்பலில் நம்பகமான ஆளிடம் வருகிறது.

ஜூலை முதல் தேதி முத்துக்கருப்பன் சைகோனில் இறங்கினான். செப்டம்பரில் அட்டையும் கையில் கிடைத்தது. ரசீதைச் சைகோனிலேயே விட்டுவரச் செய்ததும் என் பட்டியல்தான், கண்டுபிடித்துக் கொடுத்ததும் அதுதான். இந்த மேசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது: உத்தரவு எழுதும்போது, அதை ஒரு எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றப்போகும் ஆளை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

இவையெல்லாம் அன்று மாலை எனக்குத் தெரியாது. தந்தியைக் கோப்பில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு, தபாலைத் தொடுவதற்கு முன், கட்டியிருந்த வெற்றுப் பட்டியல் தாள்களை அவிழ்த்தேன். அறுபத்திரண்டு இருந்தன. ஒவ்வொன்றிலும் என் உத்தரவுக்குக் கீழே சிவப்பு மையில் எழுதினேன்: 'உன் பெயருக்குச் சர்க்கார் கொடுத்த காகிதம் உன் மடியிலேயே இருக்கட்டும்.'